கொடைக்கானல் போதும் சாமி: மதுரையிலிருந்து அரை நாளில் போய்வர இடம் சொல்லுங்கள்

திருநகர்க்காரன் | வியாழன் இரவு 9.40

போன சனிக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினேன். இ-பாஸ் எல்லாம் ஒழுங்காக எடுத்துக்கொண்டு, வாடகை வண்டி பிடித்து, விடிகாலை ஐந்து மணிக்கே புறப்பட்டோம். மலையில் பாதி ஏறியதும் வண்டி நின்றது, நின்றதுதான். சின்னவள் மூன்று தடவை வாந்தி. அப்பா முன் சீட்டில் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் முருகா முருகா என்று வந்தார். ஏரியை நாங்கள் பார்த்தபோது மதியம் இரண்டரை, அதுவும் வண்டிக்குள்ளிருந்தே. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் எட்டாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது.

இனி அந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு வேண்டியது மதுரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் ஓர் இடம். காலையில் கிளம்பி ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான், மனைவி, மூன்றாம் வகுப்பு மகன், யுகேஜி மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அப்பா. இருப்பது ஒரே ஸ்கூட்டர், மற்றவர்களுக்கு பஸ்ஸோ ஆட்டோவோதான். மீனாட்சியம்மன் கோயிலையும் மாலில் சினிமாவையும் தயவுசெய்து சொல்லாதீர்கள், பத்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

செல்லூர் மாமா | வியாழன் இரவு 10.05

தம்பி, திருநகரில் வீட்டை வைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். மொட்டை மாடியில் ஏறி வடக்கே திரும்பிப் பாருங்கள், சமணர் மலை தெரியும். அதன் அடிவாரத்துக் கீழக்குயில்குடிக்கு உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது.

திருநகர்க்காரன் | வியாழன் இரவு 10.11

தெரியும் மாமா, தினமும் பார்க்கிறேன். ஆனால் அங்கே என்ன இருக்கிறது, பாறைதானே? குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் என்ன காட்டுவது?

கல்வெட்டுக் கிறுக்கன் | வியாழன் இரவு 10.48

"பாறைதானே" என்று கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் தாமரைக்குளம், அதன் கரையில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். உங்கள் அப்பா மலை ஏறவே வேண்டாம், அந்த ஆலமரத்தடி ஒன்றே போதும். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். ஒரு சுனை, அதற்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். மகாவீரர் இருக்கிறார், பார்சுவநாதர் இருக்கிறார், கொடி சுற்றிய காலோடு நிற்கும் பாகுபலியும் இருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு மேலாக வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறார்கள். அவற்றுக்குக் கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், வெட்டியிருப்பதெல்லாம் அந்தச் சிற்பத்தை யார் செய்யச் சொன்னார் என்ற விவரம்தான். அதில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார், அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார். மதுரையைச் சுற்றி எத்தனையோ மலைகளில் அச்சணந்தியின் பெயர் வெட்டியிருக்கிறது. இங்கே அம்மாவின் பெயர். நான் ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த எழுத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றும், தொடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. அங்கே உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரின், அதாவது சமணர்கள் வணங்கும் குருவின், நீண்ட காதையும் உடம்பையும் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். குகைக்குள்ளே குனிந்து நிமிர்ந்தால் மேலே சிங்கத்தின் மீது ஏறி, யானைமேல் வருகிறவனோடு சண்டை போடும் ஓர் இயக்கி, சமணர்களின் காவல் தெய்வம். உங்கள் பையனுக்கு அது போதும், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே வரைந்துகொண்டிருப்பான். இந்தப் பக்கம் ஏறுவதற்குப் படிகள் குறைவு, கைப்பிடியும் உண்டு. அப்பாவுக்கு மனமிருந்தால் மெதுவாக முயன்று பார்க்கலாம்.

மலை உச்சியில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதுரை மலைமேல் கன்னடமா என்று யாராவது கேட்டால் நல்லது, பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை கிடைக்கும். கர்நாடகத்துச் சமணர்கள் இங்கே வந்து தங்கிப் போன காலம் அது.

புதூர் மலர் | வெள்ளி காலை 6.55

கிறுக்கன் சார் சொன்னது எல்லாம் சரி, ஒரு குடும்பத்துக்குத் தேவையானதை நான் சொல்கிறேன். ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள், ஒன்பதரைக்கு மேல் பாறை தோசைக்கல். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தலைக்கு மூன்று பாட்டில் தண்ணீராவது வேண்டும், மேலே வாங்கக் கடை கிடையாது. கழிவறையை வீட்டிலேயே முடித்துவிட்டு வருவது உத்தமம், பெண்களுக்கு இது பெரிய விஷயம், ஆண்கள் யாரும் இதை எழுதவே மாட்டார்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு உண்டு.

திரும்பும்போது விளாச்சேரியில் இறங்குங்கள். கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிற ஊர். வாசலிலேயே களிமண் பிசைந்துகொண்டிருப்பார்கள், நவராத்திரி நெருங்க நெருங்க தெரு முழுக்க சாமிகள் காய்ந்துகொண்டிருக்கும். என் மகள் அங்கே வாங்கிய பெயின்ட் அடிக்காத பிள்ளையாருக்கு நீல நிறம் அடித்து வைத்திருக்கிறாள்.

ரயிலடி பாபு | வெள்ளி காலை 8.20

அரை நாள் என்றால் எனக்கு அழகர்கோவில்தான். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ், கட்டணமில்லாத டவுன் பஸ் கிடைத்தால் வீட்டுப் பெண்களுக்குச் செலவே இல்லை. பதினெட்டாம்படி கருப்பனைக் கும்பிட்டுவிட்டு, மலைமேல் போகிற வண்டியில் ஏறினால் பழமுதிர்சோலை, அதற்கு மேலே நூபுர கங்கை. அப்பாவுக்கு நடையே இல்லை. கீழே வந்து தோசை. அழகர்கோவில் தோசை சாப்பிடாதவன் மதுரைக்காரன் கிடையாது: உளுந்து, மிளகு, சுக்கு, நெய், ஒரு விரற்கடைத் தடிமன். ஒன்றை நாலு பேர் சாப்பிடலாம்.

செல்லூர் மாமா | வெள்ளி காலை 8.31

ஒன்றை நாலு பேரா? என்னோடு வந்ததில்லை நீ.

பனையூர் வாய்க்கால் | வெள்ளி காலை 10.15

வெயில் ஆகாதவர்கள் மாலைக்குத் தெப்பக்குளம் போகலாம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது, மண் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகர் என்று சொல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அதற்குள் இறங்கி கிரிக்கெட் ஆடியிருக்கிறேன், அவ்வளவு காய்ந்து கிடக்கும். மைய மண்டபம்தான் எங்கள் பெவிலியன். இப்போது வைகைத் தண்ணீர் எங்கள் பனையூர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்பி, படகு விடுகிறார்கள். படியில் உட்கார்ந்தால் காற்று சும்மா அள்ளும். சுற்றிலும் தள்ளுவண்டிகள், பிள்ளைகளை அடக்குவது உங்கள் பொறுப்பு.

மௌனி | வெள்ளி பகல் 1.02

ஒரு வேண்டுகோள். இப்படிப் பெயர் பெயராகப் பொதுவில் எழுதாதீர்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் செட்டிப்புடவில் உட்கார்ந்தால் மயில் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. போன மாதம் போனேன். புளூடூத் ஸ்பீக்கர், பிறந்தநாள் கேக், பீங்கான் துண்டு மாதிரி நொறுங்கிக் கிடக்கும் பீர் பாட்டில். பாறையில் இதயம் வரைந்து அம்பு விட்டிருக்கிறார்கள். அந்தத் தீர்த்தங்கரர் ஆயிரம் வருடத்தில் பார்க்காத கேவலத்தை ரீல்ஸ் வந்த பிறகு பார்த்துவிட்டார். யார் போக வேண்டுமோ அவர்கள் தேடிக் கண்டுபிடித்துப் போவார்கள். மற்றவர்களுக்கு வழி சொல்வது அந்த இடத்துக்குச் செய்கிற துரோகம்.

புதூர் மலர் | வெள்ளி பகல் 1.30

அப்படியென்றால் யுகேஜி பிள்ளை வைத்திருக்கிற வீடு எல்லாம் மாலுக்கே போகட்டும் என்கிறீர்களா? பாட்டில் உடைக்கிறவன் இந்த இழையைப் படித்துவிட்டா வருகிறான்? அவனுக்கு உங்களுக்கு முன்னாலேயே வழி தெரியும்.

ஒத்தக்கடை ஓனான் | வெள்ளி மாலை 5.44

மௌனி அண்ணே, கோபம் புரிகிறது. ஆனால் எங்கள் யானைமலைக் கதையைக் கேளுங்கள். 2010இல் அந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. படுத்திருக்கிற யானை மாதிரி ஊருக்கே அடையாளமாக இருக்கிற மலை. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை' தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். ஞாயிறு காலைகளில் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு இந்த மலைகளுக்கு நடக்கிறார்கள், வரலாறு சொல்கிறார்கள், முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என் அக்கா பிள்ளைகள் சமணம் என்ற வார்த்தையைக் கேட்டதே அங்கேதான். எட்டு வருடத்துக்கு முன்னால் மயில் சத்தம் கேட்டேன் என்று நீங்கள் தனியாகப் போய்வந்ததால் ஒரு மலையும் தப்பவில்லை, நாலு பேர் போய்ப் பார்த்திருந்ததால்தான் கேட்க ஆள் இருந்தது.

திருநகர் அண்ணனுக்கு: யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் போங்கள், ஒத்தக்கடையிலிருந்து பக்கம். பாறையைக் குடைந்து செய்த குடைவரையில் யோக நரசிம்மர், ரொம்பப் பெரியவர், படி தொல்லை அதிகம் கிடையாது, அப்பாவைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். கொஞ்சம் தள்ளி லாடன் கோயில், முருகனும் தெய்வானையும் இருக்கிற சின்னக் குடைவரை. கதை கிறுக்கன் சார் சொல்வார்.

கல்வெட்டுக் கிறுக்கன் | வெள்ளி இரவு 7.10

கூப்பிட்டதால் வந்தேன். நரசிங்கம் கோயிலைக் குடைந்தவர் மாறன்காரி, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர். கி.பி. 770. வேலை முடிந்து குடமுழுக்கு நடப்பதற்குள் இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபத்தைக் கட்டி முடித்து, அண்ணன் விட்ட காரியத்தை நிறைவேற்றினார். எல்லாம் கல்லிலேயே இருக்கிறது. எனக்கு அந்தத் தம்பியைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

மேலூர் சம்சாரி | வெள்ளி இரவு 9.25

மௌனி சார், எங்கள் பக்கத்துச் சேதியையும் சொல்லிவிடுகிறேன். அரிட்டாபட்டி என்ற பெயர் மதுரையிலேயே பலருக்குத் தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. ஏழு மலை, ஊருணி, சுனை, ஆனைகொண்டான் கண்மாய், சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கிற குடைவரைச் சிவன் கோயில், தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்து, சமணர் சிற்பம், எல்லாம் ஒரே ஊரில். பறவை பார்க்கிறவர்கள் வல்லூறுக்காக வருவார்கள், கணக்கெடுத்ததில் சுமார் 250 வகைப் பறவை. 2022 நவம்பரில் அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது, தமிழ்நாட்டில் முதலாவது.

இரண்டே வருடம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது, சுமார் 5,000 ஏக்கர். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கிளம்பிப் போராட்டத்துக்குப் போனோம். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அப்போது மதுரையிலிருந்தும் வெளியூரிலிருந்தும் எங்களுக்காகப் பேசியவர்களில் பாதிப் பேர், எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கண்மாய்க் கரையில் நடந்துவிட்டு எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனவர்கள். அதனால் வாருங்கள் என்றுதான் சொல்வேன். பாட்டில் மட்டும் வேண்டாம். கோயில் பூட்டியிருந்தால் ஊருக்குள் கேளுங்கள், சுவர் ஏறிக் குதிக்காதீர்கள்.

மௌனி | வெள்ளி இரவு 10.50

சம்சாரி ஐயா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கேக் வெட்டுகிறவனை மன்னிக்க மாட்டேன்.

ரயிலடி பாபு | சனி காலை 7.40

குட்லாடம்பட்டி அருவியை யாருமே சொல்லவில்லையே?

செல்லூர் மாமா | சனி காலை 7.52

மழை பெய்த மறுநாள் சொல்கிறேன். மற்ற நாளில் அது அருவி கிடையாது, ஈரம் பட்ட பாறை. நம்பிப் போய்த் துண்டோடு திரும்பி வந்தவன் நான்.

புதூர் மலர் | சனி காலை 9.05

வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் கவலைப்படாமல் போக இரண்டு இடம். ஒன்று காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் அது, 1959இல் நேரு திறந்து வைத்தார், நுழைவுக் கட்டணம் இல்லை. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்த அறையில் என் மகள் பேச்சை நிறுத்தியதை முதல் தடவையாகப் பார்த்தேன். அவர் மேல்சட்டையை விட்டது மதுரையில்தான், 1921இல், மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது என்பதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம். குழந்தைகள் பகுதிக்குள் விட்டுவிட்டு நீங்கள் பேப்பர் படிக்கலாம். ஏசி உண்டு, அப்பா தூங்கிவிடுவார், பரவாயில்லை.

பனையூர் வாய்க்கால் | சனி காலை 11.30

கீழடியை விட்டுவிட்டீர்களே! சிவகங்கை மாவட்டம் என்றாலும் நமக்கு வீட்டு வாசல்தான், ராமேசுவரம் சாலையில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறி வைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். டிபன் பாக்ஸில் பெயர் எழுதுகிற புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது. தாயக்கட்டை, ஆட்டக்காய், வட்டச்சில்லு எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். சில்லைப் பார்த்துவிட்டு என் அம்மா, "இதை எதற்குடா உள்ளே வைத்திருக்கிறார்கள், நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறதே" என்றார். வார விடுமுறை என்றைக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திருநகர்க்காரன் | ஞாயிறு மாலை 4.20

போய்வந்துவிட்டோம். சமணர் மலைதான், மாமா மானத்தை வாங்கிவிட்டாரே.

ஆறரை என்று முடிவு செய்து ஏழே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம், சின்னவளின் ஒரு கால் ஷூ கிடைக்கவில்லை. ஆட்டோ போக வர முந்நூறு ரூபாய். அப்பா ஆலமரத்தைப் பார்த்ததும், "இங்கே நான் வந்திருக்கேன்டா" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு சைக்கிளில் வந்து இந்தக் குளத்தில் குளித்தாராம். முப்பத்தெட்டு வருடமாக எனக்கு அப்பா, இதை ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களோடு சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் போனதும் தெரியாது வந்ததும் தெரியாது.

பேச்சிப்பள்ளம் வரை சின்னவள் தானாகவே ஏறினாள். கடைசிப் பத்துப் படி மட்டும் என் தோளில். பையன் எட்டுச் சிற்பத்தையும் எண்ணிவிட்டு வட்டெழுத்தைப் பார்த்து, "இது ஜிலேபி மாதிரி இருக்குப்பா" என்றான். குணமதியார் கதையைச் சொன்னேன். "அப்ப அம்மா பேரை நாம எங்க எழுதுறது?" என்று கேட்டான். என் மனைவி சிரித்துவிட்டு, முதலில் ரேஷன் கார்டில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள், மலையை அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

குரங்கு எலுமிச்சை சாதத்தைக் கொண்டுபோய்விட்டது. மலர் அக்கா எச்சரித்தும் பையைக் கையில்தான் வைத்திருந்தேன். செட்டிப்புடவில் பாட்டில் துண்டு கிடந்தது உண்மை. மௌனி சாருக்காக ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தோம், உடைந்த கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக் மட்டும். பிள்ளைகள் கை பட்டுவிடும் என்று பயம். கேக் அட்டை ஒன்றும் அதில் இருந்தது.

விளாச்சேரிக்குப் போக நேரமில்லை. பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் கறிக்கடையில் கால் கிலோ எலும்புதான் மிச்சம். குழம்பு தண்ணியாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை, அவ்வளவு பசி.

மௌனி | ஞாயிறு மாலை 4.58

அட்டைக்கு நன்றி. எந்தக் கடைக் கேக் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நான் போய்ச் சண்டை போட்டுவிடுவேன்.

செல்லூர் மாமா | ஞாயிறு மாலை 5.10

அடுத்த வாரம் எங்கே தம்பி?

திருநகர்க்காரன் | ஞாயிறு மாலை 5.26

எனக்குக் கீழடி. பையனுக்கு யானைமலை. மனைவிக்கு, என்னையும் பிள்ளைகளையும் எங்கேயாவது அனுப்பிவிட்டு வீட்டில் தூங்க வேண்டுமாம். அப்பாவைக் கேட்டால் மறுபடியும் அதே ஆலமரத்தடிதான் என்கிறார், அந்தப் பெரியவர்களோடு பேச்சுப் பாதியில் நின்றுவிட்டதாம்.